மொளகாச் செடிக்கு ஒரு பாட்டில்

— மொளகாச் செடி சாவறத எப்பனா பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கிறியா நீ?

— அக்கா, இப்பதாம் உள்ள வாரேன். ஒரு சொம்பு தண்ணி குடுங்க.

— குடுக்கறேன். மொத இங்க வா. பைய அங்க கடாசு. தோ பாரு இசக்கி, இந்தப் பெயிண்டு பக்கெட்டுல கீற செடி. நேத்து சாய்ங்காலம் நல்லாதான் நின்னுக்கினு இருந்துச்சு. இப்ப பாரு, எலை அல்லாம் சுருண்டுக்கினு, ஓரம் கருகிக்கினு. தொட்டா உதுருது.

— பாக்கேன்.

— இன்னாத்த பாக்கற? கண்ணு எங்கியோ கீது உனுக்கு. மொத ஷிப்டு பஸ்ஸு வந்து போயி எம்மா நேரம் ஆச்சு. ஓ.டி. போட்டுட்டானுங்களா?

— ஓ.டி. இல்லக்கா. சும்மா லேட்டாயிட்டு.

— லேட்டாயிட்டாம். வாயில இன்னா, கொயக்கட்டையா வச்சிக்கினு கீற? சரி, எண்ண எடுத்தாந்தியா?

— என்ன எண்ண?

— ஐய! இன்னா எண்ணயா? உன் கம்பெனி எண்ணடா நைனா. இரும்பு கடையிற மெஷினு சூடாவாம இருக்க ஊத்துவீங்களே, தண்ணில கலந்தா பாலாட்டம் வருமே, அது. போன வாரம் ஒரு பாட்டில் கொண்ணாந்து அடிச்சியே. மறுநாளே எலைக்கு அடீல இருந்த வெள்ளப் பூச்சி அல்லாம் செத்து வியுந்துச்சே. அத்ததான் இன்னொரு பாட்டில் எடுத்தான்னு காத்தால நீ பஸ்ஸுக்கு ஓட சொல்ல கத்தனேன். காதுல வியுந்துச்சா இல்லியா?

— விழுந்துச்சுக்கா.

— அப்ப குடு.

— இல்லக்கா.

— இல்லன்னா? மறந்துட்டியா? தோ பாரு, மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாத. எம்மா பாடு பட்டு வந்த செடி இது. உங்க ஊரு காஞ்ச மொளகாய ஒரு பொட்டலம் கொண்ணாந்து நீட்டனியே, அப்ப நான் சிரிச்சேன். கோலி குண்டாட்டம் இத்தினியூண்டு கீது, இதுவா ஒறைக்கும்னு. ஒடைச்சி வெதய எடுத்துட்டு நெனப்பில்லாம மூஞ்ச தொடச்சிக்கினேன். அன்னிக்கி பூரா தண்ணி குண்டாவுல தலைய உட்டுக்கினு கெடந்தேன்.

— வத்தல உதறித்தாம் வெத எடுக்கணும், கை படப்புடாதுன்னு சொன்னேம்லா.

— எப்ப சொன்ன? நான் அயுது முடிச்ச பிற்பாடு சொன்ன. மொத வாட்டி போட்ட வெத அத்தினியும் எறும்பு இய்த்துக்கினு போச்சு. ரெண்டாவது வாட்டி நீ சாம்பல்ல பெரட்டி, கம்பெனி சாமான் வர்ற கறுப்பு ட்ரே கீதே, பழைய சாமான் கடையில வாங்கியாந்தோமே, அதுல குயிக்கு ஒண்ணா போட்ட. மேல ஈரச் சாக்கு. தெனிக்கும் நான் சாக்க தூக்கி தூக்கி பாக்கறேன், ஒண்ணியும் காணோம். எங்க வூட்டுக்காரு நக்கல் பண்ணிச்சு. மண்ணுக்கு போத்தி உட்டுக்கினு கீறீங்களே, இன்னா அதுக்கு குளிர் ஜொரமான்னு.

— அண்ணாச்சி நல்லாத்தாம் கேட்டாவ.

— அப்பால ஒரு நாள் காத்தால தூக்கறேன், கொக்கியாட்டம் கயுத்த வளச்சிக்கினு ஒண்ணு நிக்கிது. உனுக்கு நான் கேசரி கிண்டனேன் அன்னிக்கி. நெனப்பு கீதா?

— உண்டுக்கா. சீனி கூடிப்போச்சு.

— வாயப் பாரு. துன்றவரிக்கும் துன்னுட்டு. மொதப் பூவ கிள்ளிப் போடணும், அப்பதான் செடி தாட்டியா வரும்னு சொன்ன. எனுக்கு மனசே வர்ல. நீ ஷிப்டுக்கு போன பிற்பாடு ரெண்டு பூவ எலைக்கு பின்னாடி ஒளிச்சி வச்சேன்.

— எனக்குத் தெரியும்.

— தெரிமா? தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்தியா? அழுத்தக்காரன்டா நீ. தண்ணி அளவாத்தான் ஊத்தணும், செடிய கொஞ்சம் வாட்டனாத்தான் காரம் ஏறும்ன. அதுக்கும் சரின்னேன். அது வாடி நிக்க சொல்ல எனுக்கு தொண்ட காயுது. அல்லாம் யாருக்கு? நானா துன்னப் போறேன்? எனுக்கு அல்சரு, டாக்டரு மோரும் சோறும் துன்னு சொல்லிட்டாரு. உன் பொண்டாட்டிக்குதான். ஊரு வுட்டு ஊரு வருது, இந்த மொளகா இல்லாம சோறு எறங்காது அதுக்குன்னு நீதான சொன்ன? சுகப்பிரியா வந்து எறங்கனா, மொத நாள் கொயம்புலயே அவங்க ஊரு காரம் இருக்கணும்னு நான் நெனச்சிக்கினு கீறேன். நீ எண்ணய மறந்துட்டு வந்து நிக்கிற.

— அவ வரமாட்டாக்கா.

— இன்னாது?

— இப்போதிக்கு வரமாட்டா.

— இன்னாடா சொல்ற? சண்டையா?

— சண்ட இல்ல.

— அப்பறம்? அடுத்த மாசம் வேலைய கன்பார்ம் பண்றாங்க, ஆனதும் போயி கூட்டியாறேன்னு குதிச்சிக்கினு இருந்த. மேல் ரூமுக்கு சுண்ணாம்பு கூட அடிச்சாச்சு.

— கன்பார்ம் எல்லாம் இல்லக்கா. இருக்க வேலயே இருக்குமோ போவுமோ. கேட்ல பிடிச்சிட்டாவ.

— எத்த?

— எண்ணெய.

— அடக் கடவுளே.

— நீங்க ஒண்ணும் பதறாதிய.

— குந்து. மொத தண்ணிய குடி. மெதுவா. அம்மாந் தண்ணியும் ஒரே மடக்கா குடிக்காத, பொறைக்கு ஏறும். யாரு புடிச்சது?

— அத விடுங்கக்கா.

— யாருடா?

— வெளிய வரும்போது ஒரு பட்டன் உண்டும்லா. அமுக்குனா பச்ச லைட்டு வந்தா போவலாம். செவப்பு வந்தா பைய தொறந்து காட்டணும். எனக்கு செவப்பு வந்துட்டு.

— அது தெரியும், எங்க வூட்டுக்காரு தெனிக்கும் அந்தப் பட்டனாண்டதான காவலுக்கு நிக்கிது. பச்சயா செவப்பான்னு பாத்து பாத்து ராத்திரி கண்ண மூடனா கூட அதான் எரியுதாம். அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கீலாமே நீ. அது பாத்துக்கினா...

— ...

— இசக்கி. என் மூஞ்சப் பாரு.

— அண்ணாச்சி மேல தப்பில்லக்கா.

— தப்பு கீதா இல்லியான்னு நான் கேக்கல. அதுவா புடிச்சது?

— ம்.

— அது கையால?

— பக்கத்துல செக்யூரிட்டி ஆபீசர் நின்னாரு. அண்ணாச்சிதாம் சொன்னாவ. சார், இது கூலண்ட் எண்ண சார்னு.

— ஐயோ. தெரிஞ்சே சொல்லிச்சா? அந்த வாயாலயா?

— அக்கா, நான் மேல போறேன்.

— குந்துடா. தோ, டிவிஎஸ் சத்தம் கேக்குது. வரட்டும். நீ நவுந்த, கால ஒடிப்பேன். யோவ்! வாய்யா. வா ராசா, வா. ஆரத்தி கரைக்கட்டுமா?

— இன்னாமே, தெருக்கோடி வரிக்கும் கேக்குது உன் சத்தம்.

— கேக்கட்டும். வல்லம் ஊரு பூரா கேக்கட்டும். சுப்பிரமணி தன் வூட்டுல குடி இருக்கற புள்ளய தானே புடிச்சிக் குடுத்துட்டு வர்றான்னு அல்லாருக்கும் தெரியட்டும்.

— ஓ. சொல்லிட்டானா.

— சொல்லாம? நீ சொல்லுவியா வந்து?

— பூட்ஸ கயட்ட உடு மே. காத்தாலேந்து நின்னுக்கினே கீறேன்.

— அப்டியே நில்லு. அவன் பையில ஒரு பாட்டில் இருந்துச்சு, எடுத்த. சரி. எடுத்து தூர வச்சிட்டு போடான்னு சொல்லிக்கீலாம்ல? உன் பல்லுக்குள்ள கீற நாக்கு ரெண்டு நிமிசம் சொம்மா கெடக்காதா?

— ஆபீசரு நின்னுக்கினு இருந்தாரு.

— நின்னா? அது எண்ணன்னு அவருக்கு தெரிமா? தண்ணில கலந்து வெள்ளையா தான இருந்துச்சு? மோருன்னு சொல்லிட்டா முடிஞ்சிது.

— அவன் மோருன்னுதான் சொன்னான்.

— அப்பறம் இன்னாய்யா! மோருன்னு அவன் சொல்றான். ஆபீசருக்கு ஒண்ணியும் தெரில. நீ ஏன்யா நடுவுல பூந்து எண்ணன்ன?

— ரூல்னா ரூலு. உடு.

— ரூலாம் ரூலு. உனுக்கு இன்னா, சட்டையில ஸ்டாரு குத்தப் போறானா? முன்னூறு பேரு போறான் அந்த கேட்ல. எவன் பையில இன்னா போவுதுன்னு உனுக்குத் தெரியாதா? ஸ்பானரு போவுது, கையுறை போவுது, பேரிங்கி போவுது. அதெல்லாம் உன் கண்ணுல பட்டதே இல்ல. மொளகாச் செடிக்கு ஒரு பாட்டில் போனா மட்டும் உன் கண்ணு தொறந்துக்குது. இன்னா மனுசன்யா நீ? அவன் பொண்டாட்டி வர நாள் எண்ணிக்கினு கீறா அங்க. நீ தாலி அறுக்கறதுக்குன்னே...

— அவனயே கேளு மே.

— இன்னாத்த கேக்கறது?

— நான் ஏன் சொன்னேன்னு. உக்காந்துக்கினு கீறானே, அவனயே கேளு.

— இசக்கி? சொல்லுடா. இன்னா நடந்துச்சு?

— ஆபீசர் பாட்டில வாங்கிப் பாத்தாரு. மோரான்னாரு. ஆமா சார்னேன். நல்லதாப் போச்சு, வெயிலுக்கு நல்லது, ஒரு வாய் குடி, நான் பாக்கறேன்னாரு.

— அடப் பாவி.

— நான் மூடியத் தொறந்தேன்.

— தொறந்து?

— வாயில வச்சிட்டேம்க்கா.

— குடிச்சியா? டேய், குடிச்சியா?

— இல்ல. அதுக்குள்ள அண்ணாச்சி...

— தட்டி உட்டேன். பாட்டிலு உருண்டு போயி ட்ரெய்னேஜ் கம்பில ஊத்திச்சு. வேணும்னு எய்ந்த கை இல்ல மே, அதுவா எய்ந்துது. தட்டிட்டு சொம்மா நிக்க முடியுமா? ஏன்டா தட்டனன்னு ஆபீசரு மொறைக்கிறாரு. கூலண்ட் எண்ண சார், குடிச்சா கொடலு வெந்துடும்னேன். வேற இன்னா சொல்ல சொல்ற நீ? இப்ப பூட்ஸ கயட்டலாமா?

— கயட்டு. இப்டி குடு, நான் கயட்றேன். கால நீட்டு.

— உடு, உடு. நானே கயட்டிக்கிறேன்.

— இத்த ஏன்டா மொதல்லயே எங்கிட்ட சொல்லல? இம்மா நேரம் இந்தாள நாயாட்டம் திட்டிக்கினு கீறேன், நீ பாத்துக்கினு குந்திக்கினு கீற?

— சொல்லத்தாம் வந்தேன்.

— வந்த. பைத்தியக்காரா. ஒரு பாட்டிலுக்காவ அத்த குடிப்பியா? அத்த குடிச்சிட்டு கன்பார்ம் வாங்கி, யாரு வந்து குந்தப் போறா மேல் ரூம்புல?

— அப்ப ஒண்ணும் தோணலக்கா. ஒரு வாய்தான, முழுங்கிட்டு வெளிய போயி வாந்தி எடுத்துருவோம்னு நெனச்சேன்.

— நெனப்பப் பாரு.

— எனுக்கு ஒண்ணுதான் புரில மே. போன வாரம் அடிச்சதே போதலியா? இன்னொரு பாட்டிலு இன்னாத்துக்கு? பேராச தானே?

— உனுக்கு எப்டித் தெரியும் போன வாரம் அடிச்சது?

— மூக்கு இல்லியா எனுக்கு? கடையிற ஷாப்பு ஆளுங்க தெனிக்கும் அந்த நாத்தத்தோடதான் கேட்டத் தாண்டறானுங்க. சட்டையில, தலமுடியில, அல்லாத்துலயும். வூட்டுக்கு வந்தா என் கொல்லையில அடிக்குது அதே நாத்தம்.

— அப்ப ஏன் கேக்கல?

— கேட்டா நீ சொல்லுவ. சொன்னா நான் போயி சொல்லணும். அதான் கேக்கல. பக்கெட்டுங்கள காட்ட நீ கூப்ட சொல்ல கூட நான் அந்தாண்ட போவல.

— காட்டறேன், இப்ப பாரு. செத்துக்கினு கீது அல்லாம். அதான் இன்னொரு வாட்டி அடிக்கலாம்னு...

— இன்னொரு வாட்டியா? அந்த எண்ணதான் மே சாவடிக்குது.

— பூச்சி செத்துச்சே.

— பூச்சியும் சாவும், செடியும் சாவும். இரும்புக்கு ஊத்தறது அது. இந்த மண்ண அள்ளி மோந்து பாரு. மோராம் மோரு. எலை கருகி, வேரு வெந்து போயி நிக்கிது. நீ இன்னொரு பாட்டில் ஊத்தி இருந்தீன்னா நாளிக்கே மொத்தமா புடுங்கிப் போட்டிருக்கலாம்.

— மெய்யாலுமா இசக்கி?

— எங்கூர்ல வேப்பெண்ணயையும் சோப்புத் தண்ணியையும் கலந்து அடிப்பாவக்கா. இப்பிடியேதாம் வெள்ளையா, பாலு மாதிரி வரும். தெனமும் மெஷின்ல அந்த வெள்ளயப் பாத்துக்கிட்டே நிக்கேனா, ரெண்டும் ஒண்ணுதாம்னு நெனச்சிட்டேன்.

— செடி போச்சு. வேலையும் போச்சு. நல்ல மருந்துடா இது.

— வேலை போச்சான்னு இன்னும் தெரில மே. நாளிக்கு காத்தால எச்.ஆர்.ல சொல்லுவாங்க. ஏன்டா, மத்தியானம் உள்ள கூட்டினு போனாங்களே, யாரு இருந்தா?

— எச்.ஆர். ரங்கநாத் சார். கூட ஆபீசரும்.

— இன்னா கேட்டாங்க?

— எத்தன தடவ எடுத்த, எதுக்கு எடுத்தன்னு.

— நீ இன்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி.

— ஒண்ணியும் சொல்லாம அம்மா நேரம் உக்கார வச்சிக்கினா இருந்தாங்க?

— நின்னுட்டுத்தாம் இருந்தேன்.

— தோ பாருய்யா. நான் ஒண்ணு சொல்றேன், கத்தாம கேளு.

— நான் இன்னிக்கி கத்தவே இல்ல. நீதான் கத்தன.

— சரி. எண்ண கேட்டது நானு. அவனா எடுத்தார்ல. காத்தால பஸ்ஸுக்கு ஓட சொல்ல பின்னாடியே போயி எடுத்தா எடுத்தான்னு உயிர எடுத்தேன். நாளிக்கு போயி அத்த சொல்லு.

— யாருகிட்ட?

— அந்த ரங்கநாத்து சார்கிட்ட. திருடறதுக்கு எடுக்கல சார், விக்கறதுக்கு எடுக்கல, எங்க வூட்டுச் செடிக்கு என் பொண்டாட்டி கேட்டா சார்னு சொல்லு.

— சொல்லிட்டு?

— சொல்லிட்டு வா.

— வந்து வூட்லயே குந்திக்கிறதா? மே, உனுக்கு தெரிஞ்சிதான் பேசறியா? கேட்ல நிக்கிற செக்யூரிட்டி வூட்டுக்கே கம்பெனி எண்ண போவுதுன்னா, அடுத்த நிமிசம் தொப்பிய குடுத்துட்டு போன்னுவான். ஏஜென்சி வேலை. ஒரு போனுல ஆள மாத்துவான். நெலம் போன பிற்பாடு இந்த ரோட்ல எனுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கறான்னா அது இந்த கேட்டுலதான்.

— உனுக்கு வயசாயிடுச்சு. இன்னும் எத்தினி வருசம் நிக்கப் போற? காலு வீங்கிக்கினு வருது தெனிக்கும். ஒரு அபார்ட்மெண்ட்ல, ஒரு ஸ்கூல்ல வாட்ச்மேன் வேலை கெடைக்காதா? அவன நெனச்சிப் பாரு. திருட்டுன்னு ஒரு பேரு வியுந்துட்டா, இந்தப் பக்கம் எவன் உள்ள சேப்பான்? நீயே சொல்லு. கேட்ல நிக்கிறவன் நீ. உனுக்குத் தெரியும்.

— சேக்க மாட்டான். ஒரகடத்துலேந்து சுங்குவார்சத்திரம் வரிக்கும் ஒருத்தன் மாத்தி ஒருத்தன் போன் பண்ணி கேட்டுப்பான்.

— ஆங்.

— அண்ணாச்சி, வேண்டாம்.

— நீ கம்முனு இரு தம்பி.

— வேண்டாம் அண்ணாச்சி. நீங்க போவாதிய. நாளைக்கி ஒரு நாள் லீவு போடுங்க. நான் பாத்துக்கிடுதேன்.

— பாரு, கேளு. இந்த நெலமயிலயும் அவன் உன்னப் பத்திதான் ரோசன பண்றான். நீ தொப்பியப் பத்தி ரோசன பண்ற.

— அக்கா, அப்பிடில்லாம் சொல்லாதிய.

— சொல்லுவேன். என் வாயாலதான் வந்துச்சு இது. நானே நேரா கம்பெனி கேட்டுக்கு வந்து நிக்கிறேன். பக்கெட்டையும் தூக்கினு வந்து காட்டறேன்.

— உன்ன எவன் உள்ள உடுவான்?

— நீ உடு. நீதான பட்டன் கிட்ட நிக்கிற.

— சிரிப்பு காட்டாத மே.

— சிரிக்கற மூஞ்சியா இது? ஒண்ணு கேக்கறேன்யா. அந்தப் பாட்டில தட்டி உட்ட இல்ல? அப்ப ரூலு நெனப்பு வந்துச்சா? வர்ல இல்ல?

— தண்ணி குடு.

— இந்தா.

— சரி. போறேன்.

— எங்க?

— காத்தால. ஏழு மணி டூட்டிக்கு முன்னாடியே போறேன். ரங்கநாத் சாரு கார நிறுத்திட்டு எறங்க சொல்ல புடிக்கிறேன். அவரு பரவால்ல, பேசனா காது குடுப்பாரு. ஆனா உன் பேர சொல்ல மாட்டேன். பொம்பள பேர ஏன் அங்க இய்த்து வைக்கணும்? நான்தான் கேட்டேன்னு சொல்லிர்றேன். என் வூட்டு மொளகாச் செடிக்கு நான்தான் எடுத்தார சொன்னேன், அவன் வாடகைக்கு கீற பையன், எனுக்கு பயந்துக்கினு எடுத்தான்னு. அப்டி சொன்னாதான் அவன உடுவாங்க.

— சாமி.

— சாமியாம். இம்மா நேரம் நாயாட்டம் திட்டன.

— நாயும் நீதான், சாமியும் நீதான். போ. டேய் இசக்கி, கேட்டுக்கினியா? அட, இன்னாடா இது. ஏன்டா அயுவற?

— ஒண்ணுமில்லக்கா.

— மூக்க சிந்து. ஆம்பளப் புள்ள தேம்பிக்கினு. அதான் அண்ணன் போறேன்னு சொல்லிட்டாருல்ல?

— போவாதியன்னு சொல்லுங்கக்கா. உங்க கால்ல வேணா விழுதேன். போவ வேண்டாம்னு சொல்லுங்க.

— போதும் தம்பி. முடிவு பண்ணியாச்சு. நாளிக்கு நீ லேட்டாவே எய்ந்துரு. நான் பேசிட்டு போன் பண்றேன், அப்பால கெளம்பி வந்தா போதும்.

— கை கயுவிக்கினு வா, சோறு போடறேன். காரக் கொயம்பு வச்சிக்கீறேன்.

— வேண்டாம்க்கா.

— ஒரு வாய் துன்னு.

— பசிக்கலக்கா. நான் மேல போறேன்.

*

— எழிலு, கேட்ட தொறப்பா. இன்னா பாத்துக்கினு நிக்கிற? ரங்கநாத் சாரு வந்துட்டாரா?

— வந்துட்டாருண்ணே.

— அதுக்குள்ளயா? சரி, டூட்டிக்கு முன்னாடி அவர ஒரு நிமிசம் பாக்கணும். தொற.

— அண்ணே, ஒரு நிமிசம் இப்டி ஓரமா வாங்க.

— இன்னாப்பா?

— உங்கள உள்ள உடக் கூடாதுன்னு ஆபீசரு சொல்லிட்டாரு. தொப்பியும் ஐடி கார்டும் வாங்கி வைக்க சொன்னாரு. ஏஜென்சிக்கு ராத்திரியே போன் பண்ணிட்டாங்களாம். என் மேல கோச்சிக்காதீங்கண்ணே, எங்கிட்ட சொன்னத நான் சொல்றேன்.

— இன்னாத்துக்கு? நான் இன்னும் ஒண்ணியும் சொல்லவே இல்லியே.

— நீங்க சொல்ல வேணாண்ணே. அவன் சொல்லிட்டான்.

— எவன்?

— இசக்கி. நேத்து மத்தியானமே. ரூம்ல வச்சி கேட்டாங்கல்ல, அப்ப.

— இன்னா சொன்னான்?

— உங்க வூட்டு மொளகாச் செடிக்கு நீங்கதான் எடுத்தார சொன்னீங்களாம். நீங்க வூட்டு ஓனரு, மாட்டேன்னு சொல்ல பயந்துக்கினு எடுத்தானாம். ஆபீசரு மொதல்ல நம்பல. அப்பறம் அவரே சொன்னாரு, அந்த ஆளு மோந்து கூட பாக்காம தட்டி உட்டுட்டு எண்ணன்னான், உள்ள கீறது இன்னான்னு முன்னாடியே தெரியாம எப்டி சொல்லுவான்னு. அதோட முடிஞ்சிடுச்சுண்ணே.

— நேத்து மத்தியானமேவா?

— ஆமாண்ணே. நான் வெளியதான் நின்னேன், காதால கேட்டேன். ஒரு வார்த்த உங்களுக்கு போன் பண்ணலாம்னு பாத்தேன், ஆபீசரு சுத்திக்கினே இருந்தாரு. மெய்யாலுமா நீங்க கேட்டீங்க?

— ...

— அண்ணே?

— ஆமா. நான்தான் கேட்டேன்.

— இன்னாண்ணே நீங்க. இத்தினி வருசம் நின்னுட்டு, ஒரு செடிக்கு போயி.

— இந்தா, தொப்பி. கார்டு இது. எழிலு, நான் வர சொல்ல மேல் ரூம்பு பூட்டிக்கினு இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு போயிட்டான்னு நெனச்சிக்கினேன். எங்க போனான்னு எதுனா தெரிமா உனுக்கு?

— ஊருக்கா? இல்லியே. மொத ஷிப்டு பஸ்ல வந்தான். கார்டு அடிச்சிட்டு உள்ள போயிட்டான். மெஷின்ல நிக்கிறாண்ணே.